பத்தாம் வகுப்பு வேதியியல்: தெரிந்த விடையை மார்க்காக மாற்றும் வழிமுறை

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் டியூஷன் எடுத்தால் ஒரே பாயில் இரண்டு விதப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு பிள்ளை கேரள எஸ்எஸ்எல்சியைத் தமிழ் வழியில் எழுதும். பக்கத்துப் பிள்ளை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளியில் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு படிக்கும். ஒன்று என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிடும், இன்னொன்று ‘மிஸ்’ என்று கூப்பிடும். புத்தகம் வேறு, வினாத்தாள் அமைப்பு வேறு. மார்க்கைக் கோட்டை விடும் இடங்கள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன.

பாடமே படிக்காதவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. படித்திருக்கிறார், கேட்டால் வாயால் சொல்கிறார், தாளில் மட்டும் மார்க் வரவில்லை என்றால் அவருக்குத்தான் இது. திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் 3 மார்க் வினாவுக்கான மார்க் படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் படிகள் தாளில் தெரிய வேண்டும், சரியான வரிசையில் தெரிய வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த வரிசைதான்.

ஒரு விஷயம்: படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே பொருள்களைப் பெயராகவே எழுதியிருக்கிறேன். நீங்கள் விடைத்தாளில் எழுதும்போது குறியீட்டில்தான் எழுத வேண்டும்.

1. பரீட்சைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

மூன்று பட்டியல் போதும். ஒரே தாளின் இரு பக்கத்தில் கையால் எழுதி, படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

முதலாவது, அயனிகளும் அவற்றின் இணைதிறனும். சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், நைட்ரேட், ஹைட்ராக்சைடு, குளோரைடு ஆகியவற்றுக்கு 1. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், கார்பனேட், சல்பேட் ஆகியவற்றுக்கு 2. அலுமினியம், பாஸ்பேட் 3. இரும்புக்கு 2 உண்டு, 3-ம் உண்டு. அதனால் பெயரைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இந்தப் பட்டியல் தடுமாறினால் வேதி வாய்ப்பாடு தப்பாகும், வாய்ப்பாடு தப்பானால் சமன்பாடும் கணக்கும் சேர்ந்து போகும். ஒரு வாரம் இதற்கே செலவானாலும் வீணில்லை.

இரண்டாவது, அணு நிறை. ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, மெக்னீசியம் 24, அலுமினியம் 27, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40. பல சமயம் வினாவிலேயே கொடுத்திருப்பார்கள். கொடுக்காத அன்றைக்கு இது கைகொடுக்கும்.

மூன்றாவது, உலோகங்களின் வினைதிறன் வரிசை: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், தாமிரம், வெள்ளி, தங்கம். இடப்பெயர்ச்சி வினை, மின்கலம், உலோகத்தைப் பிரித்தெடுத்தல் என்று எதைக் கேட்டாலும் விடை இந்த வரிசையிலிருந்துதான் கிளம்பும்.

பழைய வினாத்தாளைப் படித்துப் பார்ப்பது வேறு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதவர்களுக்கு நேரம் போதாமல் போவது பரீட்சை அன்றைக்குத்தான் தெரியவரும்.

2. முதல் 15 நிமிடம்

கேரளத் தாளில் எழுதத் தொடங்குமுன் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் (வினாத்தாளைப் படித்துத் திட்டமிட மட்டுமான நேரம்) உண்டு. தமிழ்நாட்டுத் தேர்விலும் 15 நிமிடம் தருகிறார்கள்; அதில் 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. இந்த நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் வினாவுக்கு விடையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அது தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. முதலில் எத்தனைக்கு எத்தனை எழுத வேண்டும் என்ற குறிப்பைப் படியுங்கள். அப்புறம் ‘கட்டாயம்’ என்று போட்டிருக்கும் வினா எண்ணைத் தேடுங்கள். தமிழ்நாட்டு அறிவியல் தாளில் அது கணக்காகவே பலமுறை வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கூடுதலாக எழுதினால் அந்தக் கூடுதல் விடைக்குப் பலன் இல்லை. கடைசியாக, விட்டுவிடப் போகும் வினாக்கள் எவை என்று முடிவு செய்யுங்கள். இந்த முடிவை எழுதும்போது எடுத்தால் பாதி எழுதி அடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவ நேரும்.

நேரக் கணக்கு எளிது. கேரளத்தில் வேதியியல் தனித்தாள்: 40 மார்க், ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டில் இயற்பியல், உயிரியலோடு சேர்ந்த ஒரே அறிவியல் தாள்: 75 மார்க், 3 மணி நேரம். மார்க்குக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சரியாக வரும். கேரளத் தாளில் 10 நிமிடம் மிஞ்சும், தமிழ்நாட்டுத் தாளில் அரை மணி நேரம் மிஞ்சும். 4 மார்க் விடை 8 நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. வினாவின் கடைசிச் சொல், அப்புறம் மார்க்

வினாவை முன்னாலிருந்து படித்துவிட்டு, எழுதுமுன் கடைசிச் சொல்லை மறுபடி பாருங்கள். என்ன எழுத வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

‘எழுதுக’ என்றால் விடை மட்டும் போதும். ‘காரணம் கூறுக’ என்றால் விடை வினாவிலேயே இருக்கிறது. அதைத் திருப்பி எழுதினால் ஒன்றும் கிடைக்காது, ஏன் என்பதைத்தான் கேட்கிறார்கள். ‘வேறுபடுத்துக’ என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நெடுவரிசை, ஒரே அளவுகோல். இடது பக்கம் உருகுநிலையைப் பற்றிச் சொல்லி வலது பக்கம் கரைதிறனைப் பற்றிச் சொன்னால் அது வேறுபாடு ஆகாது, ஆனால் பாதித் தாள்களில் அப்படித்தான் வருகிறது. ‘என்ன நிகழும்?’ என்றால் கண்ணுக்குத் தெரியும் மாற்றமும் அதற்கான சமன்பாடும்.

மார்க் எத்தனையோ அத்தனை தனித்தனிச் செய்தி. 2 மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு 4 மார்க்குக்கு மூன்று வரி எழுதும் பிள்ளைகள், தெரிந்ததை எல்லாம் கொட்டிவிடும் பழக்கம் உள்ளவர்கள். வினாவில் அ, ஆ, இ என்று பிரித்திருந்தால் விடையிலும் அதே எழுத்தைப் போட்டுப் பிரியுங்கள். மூன்றையும் ஒரே பத்தியாக எழுதினால் திருத்துபவர் உங்களுக்காகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

4. சமன்பாடு: வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்

அதிக மார்க் கசிவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வரிசை இதுதான்: பெயரில் எழுது, குறியீடாக மாற்று, அணுக்களை எண்ணு, சமன் செய், நிபந்தனையைச் சேர். பெயரில் எழுதும் முதல் படியை ரஃப் இடத்தில் செய்யலாம். அதைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைதான் ஒரு விளைபொருளை மறந்துவிடும்.

அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதை எடுத்துக்கொள்வோம். அலுமினியத்துக்கு 3, ஆக்சிஜனுக்கு 2. இணைதிறனைக் குறுக்கே மாற்றினால் அலுமினியம் ஆக்சைடில் இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். இதோடு வாய்ப்பாடு முடிந்தது. இனி அதன் கீழே இருக்கும் எண்ணைத் தொடக் கூடாது. முன்னால் போடும் எண்ணை மட்டும்தான் மாற்றலாம். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு இரண்டாக வருகிறது, வலப்பக்கம் மூன்று. இரண்டுக்கும் பொதுவாக 6. ஆக, 4 அலுமினியம் + 3 ஆக்சிஜன் → 2 அலுமினியம் ஆக்சைடு.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆக்சிஜனின் கீழே இருக்கும் 2-ஐ 3 ஆக்கிவிட்டு, அலுமினியத்துக்கு முன்னால் 2 போட்டுவிடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் கச்சிதமாகச் சமன் ஆகிவிடும்! “சரியா வந்துடுச்சு டீச்சர்” என்று தாளை நீட்டும்போது அதில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, ஓசோன். கீழே இருக்கும் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அடுத்தது அடைப்புக்குறி. கால்சியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு இரண்டு. அடைப்புக்குறி போடாமல் 2 எழுதினால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும். அம்மோனியம் குளோரைடையும் நீற்றுச் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி அம்மோனியா தயாரிக்கும் சமன்பாட்டில் இது உடனே உதைக்கும். சரியான வடிவம்: 2 அம்மோனியம் குளோரைடு + 1 கால்சியம் ஹைட்ராக்சைடு → 1 கால்சியம் குளோரைடு + 2 நீர் + 2 அம்மோனியா. இரு பக்கமும் ஹைட்ரஜன் 10 வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் அடைப்புக்குறியைத்தான் பாருங்கள்.

சமன் செய்யும்போது உலோகத்தில் தொடங்குங்கள், பிறகு மற்ற அணுக்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கடைசியில். காரணம், இவை இரண்டும் பல பொருள்களில் சிதறிக் கிடக்கும். முதலிலேயே இவற்றைச் சரி செய்தால் அடுத்த அணுவைத் தொட்டதும் மறுபடி குலையும்.

தனியாக நிற்கும்போது இரண்டிரண்டாக வரும் தனிமங்கள் ஏழு: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவற்றை ஒற்றை அணுவாக எழுதிவிடுவது எல்லா வகுப்பிலும் உண்டு.

கையெழுத்தும் வேதியியல்தான். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். மீள் வினைக்கு இரட்டை அம்பு. வினையூக்கி, வெப்பநிலை, அழுத்தம் தெரிந்தால் அம்பின் மேலே எழுதுங்கள்.

5. கணக்கு: மோலில் இறங்கி, மோலில் நடந்து, மோலிலிருந்து ஏற வேண்டும்

25 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு கிடைக்கும்? திட்ட வெப்ப அழுத்த நிலையில் அதன் பருமன் என்ன? வாளையாறு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சூளைக்குள் போனதும் நடக்கும் அதே வினைதான். எழுத வேண்டிய வரிசை:

முதல் வரி, சமன் செய்த சமன்பாடு. கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு. எல்லாமே 1.

இரண்டாவது, மூலக்கூறு நிறை. 40 + 12 + 48 = 100.

மூன்றாவது, கொடுத்ததை மோலாக்குதல் (கிராமை மூலக்கூறு நிறையால் வகுத்தால் மோல்). 25 ÷ 100 = 0.25 மோல்.

நான்காவது, விகிதம். 1 மோலுக்கு 1 மோல், ஆகவே கார்பன் டைஆக்சைடும் 0.25 மோல். இந்த வரியைத் தனியாக எழுதுங்கள்.

ஐந்தாவது, கேட்ட அளவுக்கு மாற்றுதல். 0.25 × 44 = 11 கிராம். இந்த நிலையில் 1 மோல் வாயு 22.4 லிட்டர், ஆகவே 0.25 × 22.4 = 5.6 லிட்டர்.

சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி: மிஞ்சும் கால்சியம் ஆக்சைடு 0.25 × 56 = 14 கிராம். 14-ம் 11-ம் 25. போட்டது அப்படியே திரும்பி வந்துவிட்டது. அரை நிமிட வேலை, கணக்கு எங்கே சறுக்கியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

“விடை சரிதானே டீச்சர், ஏன் ரெண்டு மார்க் கட்?” என்று கேட்ட பிள்ளையின் தாளில் 11 என்ற எண் மட்டும் இருந்தது. சமன்பாடும் இல்லை, கிராமும் இல்லை. வெறும் 11 என்றால் 11 கிராமா, 11 லிட்டரா? எதிர்மாறாக, படி எல்லாம் சரியாக இருந்து கடைசிப் பெருக்கல் மட்டும் தவறிய தாளில் பெரும்பகுதி மார்க் நிற்கும். கால்குலேட்டர் இல்லாமல் போடும் கணக்கில் பெருக்கல் தவறுவது சகஜம். படிகள்தான் அதிலிருந்து காப்பாற்றும்.

மேலே உள்ள உதாரணத்தில் விகிதம் 1:1 என்பதால் நான்காவது வரியை விட்டாலும் விடை வந்துவிடும். அந்தப் பழக்கம் அம்மோனியாவில் மாட்டிவிடும். நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா. 28 கிராம் நைட்ரஜன் முழுவதும் வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா? 28 கிராம் என்பது 1 மோல். அம்மோனியாவின் மூலக்கூறு நிறை 17. உடனே 17 கிராம் என்று எழுதிவிடுவார்கள். விகித வரியை எழுதியிருந்தால் 1-க்கு 2 என்பது கண்ணில் பட்டிருக்கும்; விடை 34 கிராம். நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜன் 3 மோல், அதாவது 6 கிராம். 28-ம் 6-ம் 34.

வேறு சில பொறிகளையும் சொல்லிவிடுகிறேன்.

22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் திட்ட வெப்ப அழுத்த நிலையில் மட்டும். திடப் பொருளையும் திரவ நீரையும் 22.4-ஆல் பெருக்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கேட்டது அணுவா, மூலக்கூறா? 1 மோலில் 6.022 × 10²³ மூலக்கூறு. 9 கிராம் நீர் 0.5 மோல், மூலக்கூறுகள் 3.011 × 10²³. மொத்த அணுக்கள் என்று கேட்டால் ஒரு மூலக்கூறில் மூன்று அணு, ஆகவே 9.033 × 10²³. வினாவில் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

நிறை சதவீதத்தில் கீழே வர வேண்டியது கரைசல், கரைப்பான் அல்ல. 100 கிராம் தண்ணீரில் 25 கிராம் உப்பு கரைந்தால் 25 சதவீதம் இல்லை; கரைசல் 125 கிராம், ஆகவே 20 சதவீதம். கரைதிறனில் மட்டும்தான் 100 கிராம் கரைப்பானுக்கு எவ்வளவு என்று பார்க்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்தால் குழம்பும், இடைவெளி விட்டுப் படியுங்கள்.

பிஎச் கணக்கில் கொடுத்திருப்பது அமிலமா, காரமா என்று முதலில் பாருங்கள். 0.001 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு 3 என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். 3 என்பது பிஓஎச், அதாவது ஹைட்ராக்சைடு அயனியை வைத்துப் போடும் அளவு. 14-லிருந்து கழித்தால்தான் பிஎச் 11. காரக் கரைசலுக்கு 7-க்குக் கீழே விடை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

6. ‘காரணம் கூறுக’: விதி, இந்த வினையில் நிலைமை, விளைவு

அம்மோனியா தயாரிப்பில் உயர் அழுத்தம் ஏன்? “அதிக அம்மோனியா கிடைக்க” என்று எழுதினால் கடைசிப் படியை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முழு விடை மூன்று வரிதான். அழுத்தத்தைக் கூட்டினால் சமநிலை மோல் எண்ணிக்கை குறைவாக உள்ள பக்கம் நகரும். இங்கே இடப்பக்கம் 1 + 3 = 4 மோல் வாயு, வலப்பக்கம் 2 மோல். ஆகவே முன்னோக்கு வினை ஓங்கி அம்மோனியா அதிகமாகும்.

நடுவரியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். விதியை மனப்பாடமாக எழுதிவிட்டு முடிவுக்குத் தாவினால், அந்த விதி இந்த வினைக்கு ஏன் பொருந்துகிறது என்பது தாளில் இருக்காது.

இதே வினையில் வெப்பநிலையைக் கேட்டால் விடை இரண்டு பக்கமும் பேச வேண்டும். முன்னோக்கு வினை வெப்ப உமிழ் வினை, எனவே தாழ்ந்த வெப்பநிலைதான் அதற்குச் சாதகம். ஆனால் மிகவும் தாழ்த்தினால் வினை மெதுவாகிவிடும். அதனால்தான் சுமார் 450 டிகிரி செல்சியஸ். “வெப்பநிலை அதிகம் இருந்தால் அம்மோனியா அதிகம்” என்று எழுதினால் பாதி மார்க்கும் கிடையாது. இரும்பு வினையூக்கி சமநிலையை எந்தப் பக்கமும் தள்ளாது, சமநிலைக்கு வரும் நேரத்தை மட்டும் குறைக்கும்.

கந்தக அமிலத் தயாரிப்பில் கந்தக ட்ரை ஆக்சைடை நேராக நீரில் கரைக்காமல் அடர் கந்தக அமிலத்தில் கரைப்பது ஏன் என்பதும் இதே அச்சுதான். நீரில் கரைந்தால் மிகுந்த வெப்பம் வெளியாகும். அந்த வெப்பத்தில் அமிலம் மூடுபனியாகப் பரவிவிடும், மேற்கொண்டு கரைவது தடைபடும். ஆகவே முதலில் அடர் அமிலத்தில் கரைத்து ஓலியம் ஆக்கி, பிறகு நீர் சேர்க்கிறார்கள்.

7. சோதனை வினா: கண்ணில் பட்டதை முதலில் எழுதுங்கள்

காப்பர் சல்பேட் கரைசலில் துத்தநாகத் துண்டைப் போட்டால் என்ன காண்பீர்கள்? “துத்தநாகம் தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்யும்” என்பது காட்சி அல்ல, அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. நீல நிறம் மங்கும், துத்தநாகத்தின் மேல் செம்பழுப்புப் படிவு வரும். இது காட்சி. துத்தநாகத்தின் வினைதிறன் தாமிரத்தைவிட அதிகம், இது காரணம். அப்புறம் சமன்பாடு. இந்த மூன்றும் இந்த வரிசையில்.

வினையே நடக்காத வினாவும் வரும். ஜிங்க் சல்பேட்டில் தாமிரக் கம்பி என்றால் “மாற்றம் இல்லை” என்று துணிந்து எழுதிவிட்டு, காரணத்தைச் சேருங்கள். எதையாவது நடக்க வைத்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு சமன்பாட்டை இட்டுக்கட்டுகிறார்கள்.

அம்மோனியாச் சோதனையில் லிட்மஸ் என்று மட்டும் எழுதாமல், ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகும் என்று எழுதுங்கள். ஈரம் இல்லாவிட்டால் அம்மோனியா நீரில் கரைந்து காரமாக வழியில்லை.

8. எலக்ட்ரான் அமைப்பு

இதில் கேட்கும் பொறி ஒன்றுதான், பொட்டாசியம். அணு எண் 19. மூன்றாவது கூடு 18 வரை தாங்கும் என்று படித்துவிட்டு 2, 8, 9 என்று எழுதுகிறார்கள். வெளிக்கூட்டில் 8-க்கு மேல் நிற்காது, எனவே 2, 8, 8, 1. கூடுகள் நான்கு, ஆகவே நான்காவது தொடர். கடைசியில் ஒன்று, ஆகவே முதல் தொகுதி. அமைப்பு தப்பினால் அடுத்து வரும் தொடர், தொகுதி, இணைதிறன் மூன்றும் சேர்ந்து தப்பும்.

9. கரிமச் சேர்மங்களுக்குப் பெயர் வைத்தல்

பென்சிலால் நீளமான சங்கிலியை வளைத்துக் கோடு போட்ட பிறகுதான் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டும். சங்கிலி எப்போதும் நேர்கோட்டில் வராது, படத்தை வேண்டுமென்றே மடக்கிக் கொடுப்பார்கள்.

2-எத்தில்புரோப்பேன் என்று ஒரு விடை அடிக்கடி வரும். அப்படி ஒரு பெயருக்கு இடமே இல்லை. எத்தில் கிளையின் வழியே எண்ணிப் பார்த்தால் நான்கு கார்பன் சங்கிலி கிடைக்கும், அது 2-மெத்தில்பியூட்டேன். கிளை எத்தில் என்று தோன்றினால், அந்த வழியே போனால் சங்கிலி நீளுமா என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

எண் போடும்போது முன்னுரிமை வினைச் செயல் தொகுதிக்கு. ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால் கிளையைப் பார்க்காமல் அதற்குக் குறைந்த எண் கொடுங்கள். 3-மெத்தில்பியூட்டன்-2-ஆல் சரி, 2-மெத்தில்பியூட்டன்-3-ஆல் தவறு. தொகுதி எதுவும் இல்லாவிட்டால்தான் கிளைக்குக் குறைந்த எண்.

மாற்றியம் (ஒரே மூலக்கூறு வாய்ப்பாடு, வேறு அமைப்பு) எழுதச் சொன்னால் முதலில் மூலக்கூறு வாய்ப்பாட்டை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் எண்ணி அதோடு ஒப்பிடுங்கள். புரோப்பன்-1-ஆல், புரோப்பன்-2-ஆல் இட மாற்றியம். எத்தனால், மெத்தாக்சிமீத்தேன் வினைச் செயல் தொகுதி மாற்றியம். ஒவ்வொரு கார்பனுக்கும் நான்கு கை இருக்கிறதா என்று பார்ப்பது கடைசிப் படி. ஐந்து கை கார்பன் பரீட்சை அவசரத்தில் நிறையப் பிறக்கும்.

10. ஒரு மார்க், கூற்று-காரணம்

தமிழ்நாட்டுத் தாளில் சரியான விடையைக் குறியீட்டோடு சேர்த்து எழுதச் சொல்லியிருக்கும். வெறும் ‘ஆ’ என்று எழுதினால் போதாது.

கூற்று-காரண வினாவில் இரண்டையும் தனித்தனியே மறைத்து வைத்துப் படியுங்கள். கூற்று சரியா? காரணம் தன்னளவில் சரியா? இரண்டும் சரி என்றால் மட்டும் நடுவில் ‘ஏனென்றால்’ போட்டு வாசியுங்கள். உதாரணமாக, அம்மோனியாவை உலர்த்த அடர் கந்தக அமிலம் பயன்படாது. அம்மோனியா காற்றைவிட இலேசானது. இரண்டும் உண்மை. ‘ஏனென்றால்’ போட்டால் ஒட்டவில்லை. அமிலத்தோடு காரமான அம்மோனியா வினைபுரிந்துவிடும் என்பதுதான் காரணம், அதனால்தான் சுட்ட சுண்ணாம்பை (கால்சியம் ஆக்சைடு) பயன்படுத்துகிறோம். இலேசாக இருப்பது ஜாடியைக் கவிழ்த்து வைப்பதற்கான காரணம்.

11. படம்

பென்சிலில் வரையுங்கள், பாகங்களைப் பெயரிடுங்கள், நிழல் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பெயர்களை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடுகள் குறுக்கே வெட்டாமல். மின்கலம் என்றால் எலக்ட்ரான் போகும் திசை அம்பு அவசியம்: துத்தநாக-தாமிரக் கலத்தில் துத்தநாகத்திலிருந்து தாமிரத்துக்கு, வெளிக் கம்பி வழியாக.

12. மிஞ்சிய நேரம்

விடைகளை முதலிலிருந்து படித்து ரசிக்க நேரம் இருக்காது. இந்த வரிசையில் புரட்டுங்கள். வினா எண்கள் சரியா, கட்டாய வினா இருக்கிறதா? எல்லாக் கணக்கின் கடைசி வரியிலும் அலகு இருக்கிறதா? எல்லாச் சமன்பாட்டிலும் ஆக்சிஜனை மட்டும் ஒருமுறை எண்ணுங்கள். மற்ற அணு தப்பினாலும் பெரும்பாலும் ஆக்சிஜன் எண்ணிக்கையிலேயே அது வெளியே வந்துவிடும். இடம் விட்டு வந்த விடைகளை இப்போது முடியுங்கள். முழுதாகத் தெரியாவிட்டாலும் வாய்ப்பாட்டையோ சமன்பாட்டையோ ஒரு வரி எழுதி வையுங்கள், அந்தப் படிக்கு உரிய மார்க் கிடைக்க வழி உண்டு. அடித்த இடத்தை ஒரே கோட்டில் அடியுங்கள். ஒரே வினாவுக்கு இரண்டு விடை எழுதி இரண்டையும் அடிக்காமல் விட்டிருந்தால் எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து மற்றதை அடித்துவிடுங்கள். கூடுதல் தாள் வாங்கியிருந்தால் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நூலைக் கட்டுங்கள்.